கெஜலட்டியில் இறங்கிய செய்தி

பவானிசாகர் அணையில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் டணாயக்கன் கோட்டையின் பழைய கோயில் தலைகாட்டும். பத்திரிகைகளில் படம் வரும், ஜனங்கள் பார்க்கப் போவார்கள். அந்த நீர்ப்பரப்புக்கு வடக்கே, மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி இருக்கிறது கெஜலட்டிக் கணவாய். இன்று அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகக் காடு. திப்பு சுல்தான் காலத்தில் மைசூர் மேட்டிலிருந்து கொங்குச் சமவெளிக்குப் படை இறங்கும் வாசல் அதுதான்.

1790ஆம் ஆண்டு மூன்றாம் மைசூர்ப் போர் நடந்துகொண்டிருந்தது. கம்பெனிப் படையின் தலைவர் ஜெனரல் மெடோஸ் கோயம்புத்தூரைப் பிடித்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். கர்னல் ஸ்டூவர்ட் ஒரு பிரிவோடு பாலக்காட்டுப் பக்கம் போயிருந்தார். குதிரைப்படைக்காரரான கர்னல் ஃபிளாய்டு இன்னொரு பிரிவோடு சத்தியமங்கலத்தில் இருந்தார். செப்டம்பர் 2ஆம் தேதி திப்பு ஏறத்தாழ 40,000 பேரோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தை விட்டுக் கிளம்பினார். அந்த நடமாட்டம் ஃபிளாய்டின் காதுக்கு முன்கூட்டியே எட்டிவிட்டது. படை சிதறிக் கிடப்பது ஆபத்து, ஒன்றுசேர வேண்டும் என்று அவர் கோயம்புத்தூருக்கு எழுதினார். மெடோஸ் அந்தச் செய்தியை நம்பவில்லை. இருக்கிற இடத்திலேயே இரு என்று பதில் வந்தது.

திப்புவின் குதிரைப்படை பவானி ஆற்றைக் கடந்தது. 13ஆம் தேதி பகல் முழுக்கச் சண்டை. மறுநாள் ஃபிளாய்டு பீரங்கிகளை விட்டுவிட்டுப் பின்வாங்கினார். சேவூர் அருகே மறுபடியும் மோதல் நடந்தது. அவருக்குத் துணையாகக் கிளம்பிய மெடோஸ் வேறு தடத்தில் போனதால் இரண்டு படைகளும் ஒன்றையொன்று தவறவிட்டன. ஒருவழியாகச் சேர்ந்த பிறகு கணக்குப் பார்த்தால் ஈரோடும் தாராபுரமும் கைநழுவிக்கொண்டிருந்தன.

ராணுவ வரலாற்றில் இதை உளவுத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போகலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒற்றர்கள் பார்த்தார்கள், செய்தி வந்தது, மேலிடத்துக்கும் போனது. சத்தியமங்கலத்துக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே உள்ள எழுபது கிலோமீட்டரில் அது கெட்டுப்போகவில்லை. ஜெனரலின் மேசைக்கு வந்த பிறகுதான் கெட்டது. அவருக்கு ஒரு திட்டம் இருந்தது. கணவாய் வழியாக மேலே ஏறி மைசூருக்குள் தாம் நுழைவதே அந்தத் திட்டம். எதிரி அதே கணவாய் வழியாகக் கீழே இறங்கி வருவதற்கு அதில் இடமில்லை. ராணுவ உளவுத் துறையில் தகவலை அலசிச் சொல்லும் வேலையைத் தேடிப் போகிற எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த எழுபது கிலோமீட்டர் கதையைத்தான்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் மனத்தில் இருக்கும் படம் வேறு. 2012இல் வந்த ‘துப்பாக்கி’யில் விஜய் விடுமுறைக்கு வந்த ராணுவ அதிகாரி, ரகசியமாக உளவுப் பிரிவைச் சேர்ந்தவர். மும்பைத் தெருக்களில் ஓடி, சுட்டு, ஒரே மூச்சில் ஸ்லீப்பர் செல்களை முடிப்பார். நிஜத்தில் தகவல் திரட்டுகிறவர் ஒருவர், அதை அலசுகிறவர் இன்னொருவர், சுடுகிறவர் மூன்றாமவர். நடுவில் இருப்பவருக்குத் துப்பாக்கியைவிட மேசைவிளக்குதான் அதிகம் பழக்கம். அவருக்குத் தமிழில் ஒழுங்கான பெயர்கூட வாய்க்கவில்லை. ‘உளவு ஆய்வாளர்’ என்றால் கோபிப் பக்கம் போலீஸ் இன்ஸ்பெக்டர் என்றே எடுத்துக்கொள்வார்கள். இந்தக் கட்டுரைக்குப் பகுப்பாளர் என்று வைத்துக்கொள்கிறேன்.

பகுப்பாளர் என்ன செய்கிறார்? எல்லைக்கு அப்பால் ஒரு படைப்பிரிவு இடம் மாறியதாக ஓர் ஆள் சொல்கிறான். அதே வாரம் வானொலிப் பேச்சு ஒன்று இடையில் பிடிபடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் கூடாரங்கள் போலச் சில புள்ளிகள் தெரிகின்றன. மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றனவா, மூன்று வேறு விஷயங்களையா, அல்லது எதிரி வேண்டுமென்றே காட்டுகிற ஒரே பொய்யையா என்று பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மரபில் வந்த ராணுவங்களில் இதற்கொரு மதிப்பெண் முறை உண்டு. சொன்ன ஆளின் நம்பகத்துக்கு ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து, சொன்ன செய்தியின் நம்பகத்துக்கு 1 முதல் 6 வரை ஓர் எண். ஆளையும் செய்தியையும் தனித்தனியே எடைபோடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நல்ல ஆள் தவறான செய்தி கொண்டுவரலாம், பொய்யன் வாயிலும் ஒரு நாள் உண்மை வரலாம்.

எந்திர யானைக்கு ஏமாந்த கதை கொங்கு மண்ணுக்குப் புதிதல்ல. விஜயமங்கலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் கொங்குவேளிரின் பெருங்கதையில் உதயணன் சிறைப்பட்டதே அப்படித்தான். காட்டில் யானை வந்திருக்கிறது என்ற செய்தியை நம்பிப் போனான். யானையின் வயிற்றுக்குள் வீரர்கள் இருந்தார்கள். சொன்னவனுக்கு ஏ கொடுக்கலாம், செய்திக்கு 6 போட்டிருக்க வேண்டும்.

திருக்குறளில் ஒற்றாடல் என்று 59ஆவது அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் சொன்னதை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கவும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் நம்பவும் வள்ளுவர் சொல்கிறார். உளவுப் பள்ளிகளில் கற்பிக்கும் சரிபார்ப்பு முறையும் இதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் பகுப்பாளருடைய குறள் அந்த அதிகாரத்தில் இல்லை என்பது என் எண்ணம். அது இருபது அதிகாரம் முன்னால், இறைமாட்சியில் இருக்கிறது. காதுக்குக் கசக்கிற சொல்லைப் பொறுத்துக்கொள்கிற அரசனைப் பற்றிய குறள் அது. மெடோஸ் படித்திருக்க வேண்டியதும் அதுதான்.

கசக்கும் சொல்லை எப்படி எழுதுவது என்பதில் ஒரு தொழில் சிக்கல் உண்டு. 1951இல் அமெரிக்க உளவு மதிப்பீட்டாளர்கள் யூகோஸ்லாவியா மீது சோவியத் தரப்பு படையெடுக்கத் ‘தீவிர சாத்தியம்’ இருப்பதாக எழுதினார்கள். அதை வாசித்த வெளியுறவு அதிகாரி ஒருவர், அப்படியென்றால் எத்தனை சதவீதம் என்று அந்த மதிப்பீட்டாளர்களில் ஒருவரான ஷெர்மன் கென்ட்டிடம் கேட்டார். சுமார் 65 என்றார் கென்ட். வாசித்தவர் மனத்தில் இருந்தது அதைவிட மிகக் குறைவு. சந்தேகம் வந்த கென்ட், அந்த அறிக்கையைச் சேர்ந்து எழுதிய சகாக்களையே விசாரித்தார். ஒருவர் 20 என்றார், இன்னொருவர் 80 என்றார். எல்லோரும் கையெழுத்திட்டது ஒரே வாக்கியத்தில்! 1964இல் கென்ட் இதைக் கட்டுரையாக எழுதினார். நம் ஊர்ப் பேச்சில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். பெரியவரிடம் “வந்தாலும் வருமுங்க” என்போம். மழையைப் பற்றியென்றால் அது பண்பு. எதிரியின் டாங்கிகளைப் பற்றியென்றால் கேட்பவர் தமக்கு வேண்டியதை அதிலிருந்து எடுத்துக்கொள்வார்.

இங்கே ஒரு கிளைக்கதை. மெடோஸ் காலத்திலேயே சென்னைப் படைக்கு ஓர் உளவுப் பிரிவு இருந்தது. அலெக்சாண்டர் ரீடு அதை நடத்தினார். 1788இல் அவருக்கு உதவியாளராக வந்தவர் தாமஸ் மன்றோ. 1792 உடன்படிக்கையில் பாராமகால், அதாவது இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமும் அதனோடு சேலமும் கம்பெனிக்கு வந்தபோது, அதை நிர்வகிக்க அனுப்பப்பட்டது இந்த ரீடும் மன்றோவும்தான். ஒற்றர்களை வைத்து எதிரியின் குதிரைகளை எண்ணியவர்கள், கணக்கர்களை வைத்துக் குடியானவரின் நிலத்தை அளந்தார்கள். ரயத்துவாரி முறை அங்கிருந்து வளர்ந்தது. உளவு வேலையில் பழகிய கண் கச்சேரிக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்ப் பட்டாக்களே சாட்சி. இன்றைய பகுப்பாளருக்கு அந்த மாதிரி இரண்டாவது வாழ்க்கை எளிதில் கிடைப்பதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு அரசின் ஒரு கைக்குத் தெரிந்தது மறு கைக்குத் தெரியாமல் போவதை 1987 யாழ்ப்பாணத்தைவிடக் கொடூரமாகக் காட்டும் நிகழ்வு நமக்கு இல்லை. 1980களின் நடுவில் சேலம் மாவட்டம் மேட்டூரை அடுத்த கொளத்தூர்ப் பக்கம் விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாம் நடந்தது. அந்த இடத்தைப் புலியூர் என்றே இன்றும் அழைக்கிறார்கள். ஈழப் போராளி இயக்கங்களுக்கு ஆயுதப் பயிற்சி கொடுத்ததில் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் பங்கு இப்போது மறைபொருள் அல்ல. யார் பயிற்சி பெற்றார்கள், எதில் கெட்டிக்காரர்கள், எப்படிச் சண்டையிடுவார்கள் என்று டெல்லியில் ஏதோ ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்திருந்தது. 1987 ஜூலை கடைசியில் அமைதிப்படையாக இலங்கைக்குப் போன ராணுவத்துக்கு அந்த அறிவு போய்ச் சேரவில்லை. வரைபடங்கள் பல பத்தாண்டுகள் பழையவை. மொழி தெரிந்தவர்களுக்குப் பஞ்சம்.

அக்டோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர்களில் வீரர்கள் இறக்கப்பட்டார்கள். புலிகளின் தலைமையைப் பிடிப்பது நோக்கம். புலிகள் ராணுவத்தின் வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். சீக்கிய இலகு காலாட்படையின் 13ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 30 பேர் இறங்கினார்கள். 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். ராணுவ நோக்கில் இன்னொரு கசப்பு என்னவென்றால், அன்று ஒற்றாடலைச் சரியாகச் செய்தவர்கள் எதிர்த்தரப்பினர்.

அமைதிப்படையின் உளவுப் பிரிவுக்குத் தலைவராக 1987 முதல் 1990 வரை இருந்தவர் ஒரு தமிழர், கர்னல் ஆர். ஹரிஹரன். ராணுவ உளவுப் பணியில் கிட்டத்தட்ட முப்பதாண்டுகள் இருந்தவர். ஓய்வுக்குப் பின் இலங்கை பற்றியும் தெற்காசியா பற்றியும் ஆங்கிலத்தில் தொடர்ந்து எழுதிவந்தார். பகுப்பாளர் ஒருவரின் பெயர் வாசகர்களுக்குத் தெரியவருவதே அரிது. தெரிய வந்தாலும் பெரும்பாலும் ஓய்வுக்குப் பிறகுதான்.

கார்கில் வேறு மாதிரியான பாடம். 1999 போருக்குப் பின் அமைக்கப்பட்ட மறுஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கே. சுப்ரமணியம். திருச்சியில் பிறந்தவர், தமிழ்நாட்டுப் பிரிவு ஐ.ஏ.எஸ்., முன்பு கூட்டு உளவுக் குழுவின் தலைவராகவும் இருந்தவர். அந்தக் குழுவின் அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த பகுதி ஒரு கடித உறையைப் பற்றியது. 1998 ஜூன் 2ஆம் தேதி, போருக்கு ஏறத்தாழ ஓராண்டு முன்பு, உளவுத்துறை எனப்படும் ஐ.பி.யின் இயக்குநர் கார்கிலுக்கு எதிரே பாகிஸ்தான் பக்கத்தில் நடப்பவை பற்றி ஒரு குறிப்பு அனுப்பினார். பிரதமர், உள்துறை அமைச்சர், அமைச்சரவைச் செயலர், உள்துறைச் செயலர், ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் ஆகியோருக்கு அது போனது. ரா அமைப்பின் செயலர், கூட்டு உளவுக் குழுவின் தலைவர், ராணுவ உளவுத் தலைமை இயக்குநர் ஆகிய மூவருக்கும் அது முகவரியிடப்படவில்லை. தகவலைப் பிரித்துப் பார்த்து, பிற தகவலோடு பொருத்தி, அர்த்தம் சொல்ல வேண்டியவர்கள் இந்த மூவர்தான். அந்தக் குறிப்பை நாட்டின் மிக உயர்ந்த மேசைகள் படித்தன. அதை அலச வேண்டிய மேசைகள் காணவில்லை.

உயர்ந்தவருக்கு நேரே எழுதினால் பெருமை என்ற நினைப்பு எந்த அலுவலகத்திலும் உண்டு. முனிசிபாலிட்டியிலும் பார்க்கலாம். உளவில் அதன் விலை வேறு. குழுவின் அறிக்கைக்குப் பின் அமைச்சர்கள் குழு ஆராய்ந்தது. 2002 மார்ச்சில் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை உருவானது. கட்டடம் கட்டுவது சுலபமான பாதி. முகமைகள் ஒன்றுக்கொன்று சந்தேகப்படாமல் பேசிக்கொள்ளும் பழக்கத்தை அரசாணை போட்டு வரவழைக்க முடியாது.

வேலைக்கு வருவோம். உடுமலைக்குத் தெற்கே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது. சூலூரில் தேஜஸ் பறக்கும் விமானப்படைத் தளம், ரெட்ஃபீல்ட்ஸில் விமானப்படை நிர்வாகக் கல்லூரி, கடற்படையின் ஐ.என்.எஸ். அக்ரணி, மலையேறினால் வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் ஸ்டாஃப் காலேஜ். சீருடை பார்த்து வளர்கிற ஊர்தான் இது. ஆனால் பகுப்பாளர் வேலைக்கென்று தனித் தேர்வு விளம்பரம் வராது. என்.டி.ஏ., சி.டி.எஸ்., சென்னை ஓ.டி.ஏ. எனப் பொதுவான வாசல் வழியாக அதிகாரியாகி, உளவுப் படைப்பிரிவு கிடைத்தால் புனேயில் உள்ள உளவுப் பயிற்சிப் பள்ளிக்குப் போக வேண்டும். சம்பளத்தில் தனி மகுடம் கிடையாது. லெப்டினன்டுக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படை 56,100 ரூபாய், அதோடு ராணுவச் சேவை ஊதியம் 15,500. காலாட்படை லெப்டினன்டுக்கும் அதே.

ஏணியின் உச்சியில் ஒரு வினோதம் இருக்கிறது. ராணுவ உளவுத் தலைமை இயக்குநர் பதவி பெரும்பாலும் போரிடும் பிரிவுகளில் வளர்ந்த ஜெனரல்களுக்கே போகும். வாழ்நாள் முழுக்க உளவையே தொழிலாகக் கொண்டவர், தம் துறையின் நாற்காலியில் வேறு துறைக்காரர் உட்காருவதைப் பார்த்தபடி ஓய்வு பெறுவார். படையை நடத்தியவருக்குத்தான் படைத்தலைவரின் தேவை புரியும் என்பது இதற்குச் சொல்லும் நியாயம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் படையை நடத்தியவர்தானே மெடோஸும்?

பெண்களுக்குக் கதவு மெல்லத் திறந்தது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, நிரந்தரப் பணி கிடைக்கும் பத்துப் பிரிவுகளில் உளவுப் பிரிவும் இடம்பெற்றது.

தினசரி வேலையில் தவறும் தண்டனையும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. ஒன்பது முறை எச்சரித்து ஒன்றும் நடக்காவிட்டால் பத்தாம் முறை எழுதுவதை யாரும் படிப்பதில்லை. எச்சரிக்காத ஒரு முறை நடந்துவிட்டால் விசாரணைக் குழு வரும். எச்சரித்து, அதை ஏற்று முன்னேற்பாடு செய்து, அதனாலேயே எதிரி பின்வாங்கிவிட்டால், ஒன்றும் நடக்கவில்லையே, வீண் பயம் என்பார்கள். 1973 அக்டோபர் போருக்குச் சில நாள் முன்பு, எகிப்தின் போர்ப்பயிற்சி உண்மையில் தாக்குதலுக்கான போர்வை என்று இஸ்ரேலின் தெற்குக் கட்டளையகத்தில் சிமன் டோவ் என்ற இளம் லெப்டினன்ட் இரண்டு குறிப்புகள் எழுதினார். அவருடைய மேலதிகாரி அவற்றை மேலே அனுப்பவில்லை. கீழ்நிலை அதிகாரி ஒருவர் மேலிடத்துக் கருத்துக்கு மாறாக எழுதினால், அது பிழையாகவே கண்ணில் படும்.

பணி முடிந்து ஊருக்கு வருகிறவரின் நிலை இன்னும் விசித்திரம். பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர் கணபதியில் ஒர்க்‌ஷாப் போடலாம், சிக்னல்ஸ்காரர் தொலைத்தொடர்பில் நுழையலாம். உளவில் இருபது வருடம் இருந்தவர் பயோடேட்டாவில் என்ன எழுதுவார்? 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் தலைக்கு மேலே நிற்கிறது. சிக்னல்ஸ் பிரிவிலிருந்து ராவில் பணியாற்றிய மேஜர் ஜெனரல் வி.கே. சிங் 2007இல் அந்த அமைப்பைப் பற்றிப் புத்தகம் எழுதியதற்காக சி.பி.ஐ. சோதனையையும் வழக்கையும் சந்தித்தார். ஆகவே பெரும்பாலோர் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். வங்கியின் பாதுகாப்பு அதிகாரி, மில்லின் நிர்வாக மேலாளர் என்று ஏதாவது ஒன்றில் அமர்கிறார்கள். நோம்பிக்கு ஊர் கூடும்போது, மிலிட்டரியில் என்ன பண்ணினீங்க மாமா என்று கேட்கும் பையனுக்கு “ஆபீஸ் வேலைதானுங் கண்ணு” என்ற பதில் கிடைக்கும். அது பொய்யும் இல்லை.

கடைசியாக, கோயம்புத்தூரிலிருந்தே புறப்பட்ட ஓர் எச்சரிக்கை. இது ராணுவத்தின் வேலை அல்ல, புலனாய்வு முகமைகளின் வேலை. ஆனால் பகுப்பாளரின் கதை இதில் முழுசாக இருக்கிறது. 2018இல் கோவையில் இந்து அமைப்புத் தலைவர்களைக் கொல்லத் திட்டமிட்டதாகச் சிலர் கைதானார்கள், வழக்கு என்.ஐ.ஏ. கைக்குப் போனது. அவர்களிடம் கைப்பற்றிய கருவிகளில் இலங்கைப் போதகர் சஹ்ரான் ஹாஷிமின் காணொளிகள் இருந்தன என்றும், அந்த நூலைப் பிடித்துப் போனதில்தான் இலங்கையில் நடக்கப்போவது பற்றிய தடயம் கிடைத்தது என்றும் பின்னர் செய்திகள் வந்தன. 2019 ஏப்ரல் 4ஆம் தேதி இந்தியா இலங்கைக்கு எச்சரிக்கை அனுப்பியது. தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் அதில் இருந்தது. கொழும்பில் அது அலுவலகம் அலுவலகமாக நகர்ந்தது. 9ஆம் தேதி காவல்துறைத் தலைவருக்கு ஒரு கடிதம், 11ஆம் தேதி கீழ்ப் பிரிவுகளுக்கு ஒரு சுற்றறிக்கை. ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு காலை மூன்று தேவாலயங்களிலும் மூன்று ஓட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கோவைக்கும் அது எளிதான பாடமாக முடியவில்லை. 2022 அக்டோபர் 23 அதிகாலை கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு கார் வெடித்து, அதை ஓட்டிவந்தவர் இறந்தார். அவரை 2019இலேயே என்.ஐ.ஏ. விசாரித்திருந்தது. பெயர் பட்டியலில் இருப்பது ஒன்று, அந்தப் பெயர் எந்த நாளில் ஆபத்தாக மாறும் என்று சொல்வது வேறொன்று.

2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் ஈஸ்டர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கிடைத்த எச்சரிக்கை மீது நடவடிக்கை எடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாய் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகத் தர வேண்டும் என்றது. காவல்துறைத் தலைவருக்கும் அரச உளவுச் சேவையின் தலைவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலருக்கு 5 கோடி. எச்சரிக்கையைக் கையில் வாங்கியவர்களின் பெயர்கள் எல்லாம் தீர்ப்பில் இருக்கின்றன. ஏப்ரல் 4ஆம் தேதிக் குறிப்பை உட்கார்ந்து எழுதியவர் யார் என்று வெளியே தெரியாது.